பாண்டெசால் வீட்டில் ஏன் பன் ஆகிவிடுகிறது?

கேள்வி, 2023 நவம்பர் 12

பிலிப்பைன்ஸின் டவாவோ நகரில் மருத்துவம் படித்துவிட்டுத் திருநெல்வேலி திரும்பியிருக்கிறேன். அங்கே விடியற்காலையில் சாப்பிட்ட பாண்டெசால் ரொட்டி நினைவாகவே இருக்கிறது. பால், வெண்ணெய், முட்டை எல்லாம் சேர்த்து வீட்டில் ஆறு முறை செய்து பார்த்துவிட்டேன். ஆறு முறையும் நம் ஊர் பேக்கரி பன்தான் வந்தது. ருசி மோசமில்லை, ஆனால் அது இதுவல்ல. எங்கே தவறு? இன்னொன்று: பெயருக்குப் பொருள் உப்பு ரொட்டி என்கிறார்கள், பிறகு ஏன் இனிக்கிறது?

நவம்பர் 12, இரவு

தம்பி, பால், வெண்ணெய், முட்டை மூன்றையும் நிறுத்துங்கள். தவறு அங்கேதான். நான் லாஸ் பான்யோஸில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். மணிலாவுக்குத் தெற்கே, மாக்கிலிங் மலையடிவாரம். கணவருக்கு இங்கே அரிசி ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. எங்கள் தெருமுனை பேக்கரியில் மாவு, தண்ணீர், சர்க்கரை, உப்பு, ஈஸ்ட், கொஞ்சம் கொழுப்பு, இவ்வளவுதான் போடுகிறார்கள். விற்பது ஏழை எளியவர் காலையில் காபியோடு சாப்பிடும் ரொட்டி. அதில் முட்டையும் வெண்ணெயும் சேர்த்தால் விலை கட்டுமா?

என் அளவு: மாவு 500 கிராம், தண்ணீர் 290 மில்லி, சர்க்கரை 60 கிராம், உப்பு 9 கிராம், உடனடி ஈஸ்ட் 6 கிராம், பன்றிக்கொழுப்பு அல்லது எண்ணெய் 30 கிராம். 24 வரும்.

நவம்பர் 13

பெயரைப் பற்றி நேற்று எழுத மறந்தேன். ஸ்பானிய மொழியில் பான் என்றால் ரொட்டி, சால் என்றால் உப்பு. பழைய பாண்டெசால் வேறு மாதிரி. மேல்தோல் மொறுமொறுப்பாக, உள்ளே கெட்டியாக, இனிப்பு குறைவாக இருந்தது என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்கர் ஆட்சிக் காலத்தில் அவர்களுடைய கோதுமை வந்து இறங்கியபின் ரொட்டி மெதுமெதுவென்று ஆனது, சர்க்கரையும் ஏறியது. பெயர் மட்டும் மாறவில்லை.

ஆனால் உப்பைக் குறைத்துவிடாதீர்கள். 500 கிராம் மாவுக்கு 9 கிராம் உப்பு இல்லையென்றால் சர்க்கரை தனியாக நின்று கத்தும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பாண்டெசால் ருசி. வாயில் வைத்தவுடன் இனிப்பு, விழுங்கும்போது உப்பு.

நவம்பர் 19

தம்பி பதில் எழுதியிருக்கிறார். பால், முட்டை, வெண்ணெய் மூன்றையும் விட்டுச் செய்தாராம். இப்போது "ருசியில்லாத பன்" வந்ததாம்.

எனக்கு மனம் ஆறவில்லை. இன்று காலை நானும் அதே அளவில் செய்தேன். எனக்குச் சரியாக வந்தது. அப்படியானால் குறை மாவில் இருக்க வேண்டும். இங்கே சந்தைக் கடைகளில் மாவை முதல் தரம், மூன்றாம் தரம் என்று பிரித்து விற்கிறார்கள். தரம் என்றால் ஒன்று நல்லது, இன்னொன்று மட்டம் என்று பொருளல்ல. முதல் தர மாவில் புரதம் அதிகம், அது ரொட்டிக்கு. மூன்றாம் தரத்தில் குறைவு, அது பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும். நான் இங்கு வந்த புதிதில் கடைக்காரர் எதைக் கொடுத்தாரோ அதை வாங்கி வந்து, தட்டில் பரவிக் கிடந்த மாவைப் பார்த்து ஒரு வாரம் குழம்பினேன்.

தம்பி, உங்களுடையது மைதாதானே? தண்ணீரை 270 மில்லியாகக் குறையுங்கள். கோதுமைப் பசையப் பொடி கிடைத்தால் 10 கிராம் சேருங்கள். பத்து நிமிடமாவது கையால் பிசையுங்கள். ஒரு துண்டை இழுத்து விரித்தால் கிழியாமல் மெல்லிய திரை போல வர வேண்டும்.

நவம்பர் 26

மேலே எழுதியவற்றில் பாதி தேவையில்லாத பேச்சு. உண்மையான தவறு என்னவென்று இப்போது தெரிந்துவிட்டது. தம்பி அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உருண்டை உருண்டையாக, பளபளவென்று, சிறு பந்துகள் போல இருக்கின்றன. தம்பி மாவை உள்ளங்கையில் உருட்டியிருக்கிறார்.

பாண்டெசாலை உருட்டக் கூடாது, வெட்ட வேண்டும்.

வியாழன் அதிகாலை மூன்று மணிக்குத் தெருமுனை பேக்கரியின் பின்வாசலில் போய் நின்றேன். அங்கே வேலை செய்யும் பெரியவரை எல்லோரும் மாங் என்று அழைப்பார்கள், வயதில் மூத்த ஆணுக்கு இங்கே அதுதான் மரியாதை. பார்க்கலாமா என்று கேட்டேன். தலையசைத்தார். அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு முறை உப்பிய மாவை மேசையில் கொட்டி, விரல்களால் தட்டி, நீள்சதுரமாகப் பரப்பினார். நீளமான விளிம்பைப் பிடித்துப் பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டைவிரலால் உள்ளே ஓர் அழுத்து. கடைசி ஓரத்தைக் கிள்ளி மூடினார். இப்போது அது ஒரு தடி. தடிக்கு இங்கே பஸ்தோன் என்று பெயர். இரண்டு கைகளையும் நடுவில் வைத்து முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே வெளிப்பக்கம் போனார். தடி ஒரே பருமனாக நீண்டது. மேலே ரொட்டித்தூளைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவி, அதிலேயே புரட்டினார். கொஞ்ச நேரம் விட்டார். பிறகு தகட்டை எடுத்து, பார்க்கக்கூட இல்லாமல், டக் டக் டக் என்று வெட்டிக்கொண்டே போனார். வெட்டிய துண்டு ஒவ்வொன்றையும் வெட்டுவாய் தூளில் படும்படி ஒரு தொடு தொட்டு, அந்த வெட்டுவாய் மேலே பார்க்கும்படி தட்டில் வைத்தார்.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. உள்ளங்கையில் உருட்டும்போது மாவைச் சுற்றி இழுத்துக் கட்டிய தோல் ஒன்று உண்டாகிறது. அது மூடிய பையைப் போல ஊதி, பளபளப்பான பன் ஆகிறது. வெட்டும்போது தோல் அறுபடுகிறது. வெட்டுவாயில் ஈரம் இருப்பதால் தூள் ஒட்டுகிறது. அடுப்பில் மாவு அந்த வழியாகத் திறந்துகொண்டு எழும்புகிறது. மேலே சொரசொரப்பு, ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்த முகடு, உள்ளே சுருட்டிய அடுக்குகளில் பிரியும் இழை. இத்தனை நாளும் மாவுப் பொருட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், கத்தியைப் பற்றி யோசிக்கவில்லை.

வீட்டு அளவுக்கு: மாவை இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் 36 சென்டிமீட்டர் தடியாக்கி 12 துண்டு. ஒரு துண்டு 37 கிராம் அளவில் இருக்கும். தட்டில் இரண்டு விரல் இடைவெளி. 45 நிமிடம் உப்ப விட்டு, 190 டிகிரியில் 15 நிமிடம்.

நவம்பர் 27

கத்தி என்று எழுதிவிட்டேன். பல் வைத்த ரொட்டிக் கத்தி வேண்டாம், அது மாவை இழுத்துக் கிழிக்கும். மாவு சுரண்டும் தகடுதான் சரி. இல்லையென்றால் தோசைத்திருப்பியின் நேர் விளிம்பு போதும். அறுக்காதீர்கள். மேலிருந்து ஒரே அழுத்தில் கீழே இறக்குங்கள்.

டிசம்பர் 3

தூள்.

கடையில் விற்கும் மொறுமொறு பொரிப்புத் தூளைப் போட்டுவிட்டு மேல்வாய் கீறுகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கீறத்தான் செய்யும். பாண்டெசாலின் தூள் மணல் போல நயமாக இருக்க வேண்டும். முந்தின நாள் மீந்த நான்கைப் பிய்த்து, 100 டிகிரியில் 40 நிமிடம் நிறம் மாறாமல் காயவைத்து, இடித்து, மாவு சலிக்கும் சல்லடையில் சலியுங்கள். முதல் முறை செய்பவர் சாதாரண ரொட்டித் துண்டுகளைக் காயவைத்துக்கொள்ளலாம்.

பேக்கரிகளும் மீந்ததை வீணாக்குவதில்லை. பழைய ரொட்டியைச் சர்க்கரையோடு பிசைந்து, சிவப்பு நிறம் ஏற்றி, உள்ளே வைத்துச் சுற்றி ஒரு ரொட்டி செய்கிறார்கள். கலிஹிம் என்று பெயர். மாலையில் விற்கிறது. எனக்குப் பிடிக்கும்.

டிசம்பர் 10

முட்டை விஷயத்தில் நான் எழுதியது கடுமை. திருத்திக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரம்மா மாடியில் இருக்கிறார், எழுபது கடந்தவர். தெருவே அவரை லோலா, அதாவது பாட்டி, என்றுதான் அழைக்கிறது. முட்டை போட்டது பாண்டெசாலே இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. அவருடைய தாயார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு முட்டையும் ஒரு குவளைப் பாலும் சேர்த்துத்தான் செய்வாராம். பிள்ளைகள் அந்த நாளுக்காகக் காத்திருப்பார்களாம். "அது பாண்டெசால் இல்லையென்றால் நான் சாப்பிட்டு வளர்ந்தது என்ன?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் இல்லை. கடைக் கணக்கை வீட்டுக்குப் போட்டுப் பார்த்தது என் பிழை. வீட்டில் செய்பவருக்கு ஒரு முட்டை பெரிய செலவல்ல. மறுநாள் வரை மென்மையாக இருக்கவும் அது உதவும். முட்டை சேர்த்தால் தண்ணீரை 45 மில்லி குறையுங்கள். வெட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். முட்டை போட்டு வெட்டினால் பாண்டெசால்தான். முட்டை இல்லாமல் உருட்டினால் பன்தான்.

டிசம்பர் 11

தம்பியின் படம் வந்தது. மேலே தூள், பக்கத்தில் முகடு. நான்கு துண்டு கொஞ்சம் கருகியிருக்கிறது. அது ஓவன் சிறியதாக இருப்பதால், மேல் கம்பி பக்கத்தில் இருக்கும். தட்டை ஒரு படி கீழே இறக்குங்கள். மற்றபடி அதுதான் தம்பி, அதேதான். இரண்டு முறை படத்தைத் திறந்து பார்த்தேன்.

2024 ஜனவரி 14

பொங்கலுக்கு முந்தின நாள் ரொட்டி பற்றி எழுதுகிறேன். அரிசி விளையும் நாட்டில், அரிசி ஆராய்ச்சியால் பிழைக்கும் ஊரில், காலையில் எல்லோரும் கோதுமை ரொட்டி சாப்பிடுவது எனக்கு முதல் ஆண்டு முழுவதும் வியப்பாக இருந்தது. பிலிப்பைன்ஸில் ரொட்டிக்கான கோதுமை விளைவதில்லை. கப்பலில்தான் வருகிறது, பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து.

இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. 1590இல் மணிலா ஆயர் தொமிங்கோ தே சலாசார் ஸ்பெயின் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் இங்குள்ள சீனர்களின் பேக்கரிகள் வருகின்றன. சீனாவிலிருந்து கோதுமையும் மாவும் கொண்டுவந்து, ரொட்டி சுட்டு, சந்தையிலும் தெருக்களிலும் விற்றார்களாம். கையில் காசில்லாதவருக்குக் கடனாகக் கொடுத்துக் கணக்குக் குறித்து வைத்துக்கொள்வார்களாம். படைவீரர்கள் பலர் ஆண்டு முழுவதும் அந்தக் கடனிலேயே சாப்பிட்டார்களாம். அதைப் படித்தபோது எங்கள் தெருமுனை பேக்கரியின் சுவரில் ஆணியில் தொங்கும் நோட்டு கண்முன் வந்தது. 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதே கணக்கு.

அன்றைய ரொட்டி பாண்டெசால் என்று நான் சொல்லவில்லை. ஸ்பானியர் வழி வந்த ரொட்டிகளில் இன்னொன்று பான் தெ சுவேலோ. சுவேலோ என்றால் தரை. தட்டு இல்லாமல் அடுப்பின் தரையிலேயே சுடுவது, தோல் கெட்டியாக இருக்கும். புகோன் என்ற செங்கல் விறகு அடுப்பில் சுட்ட பாண்டெசால் இப்போது அருகிவருகிறது. கேசோன் நகரின் கமுனிங் பேக்கரி 1939 முதல் நடக்கிறது, அங்கே இன்னும் புகோன் உண்டு. அக்டோபர் 16ஆம் தேதியை உலகப் பாண்டெசால் நாள் என்று சொல்லி மக்களுக்கு இலவசமாக ரொட்டி கொடுக்கிறார்கள்.

வீட்டில் புகோன் கட்ட முடியாது. ஆனால் அடிச்சூடு வேண்டும். மெருகு பூசாத தரை ஓடு ஒன்றை ஓவனில் 40 நிமிடம் சூடாக்கி, அதன்மேல் தட்டை வையுங்கள். அடிப்பக்கம் கோதுமை நிறத்துக்குச் சிவந்து வரும். விறகுப் புகை வாசனை வராது. அதற்கு நான் வழி தேடவும் இல்லை.

பிப்ரவரி 4

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அக்கா, நீங்கள் ரொட்டி ரொட்டி என்று எழுதுகிறீர்கள். எங்களுக்கு அது பாண்." சரிதான். போர்த்துக்கீசியர் விட்டுப்போன பாண் அங்கே, ஸ்பானியர் விட்டுப்போன பான் இங்கே. சொல்லின் வேர் ஒன்று. இசை போட்டுக்கொண்டு மூன்று சக்கர வண்டியில் பாண் வரும் என்றும் எழுதியிருக்கிறார். இங்கே சைக்கிளில் வருகிறது. கைப்பிடியில் ரப்பர் ஊதுகுழல். அதை அமுக்கினால் வரும் சத்தமே அவருக்குப் பெயராகிவிட்டது: போட்போட். காலை ஐந்தரைக்கு அந்தச் சத்தம் கேட்டால் பழுப்புத்தாள் பையோடு பிள்ளைகள் ஓடுகின்றன.

இதையும் அவருக்காக எழுதுகிறேன். 2020இல் ஊரடங்கின்போது இந்த நாடே ஊதா நிறப் பாண்டெசால் பின்னால் ஓடியது. ஊபே கிழங்கைப் பிசைந்து சேர்த்து, நடுவில் சீஸ் வைத்தது. அந்த ஊபே வேறு எதுவும் இல்லை, உங்கள் ஊர் இராசவள்ளிக்கிழங்குதான்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு முருங்கை. இங்கே மலுங்காய் என்பார்கள். காயைவிடக் கீரைதான் இங்கு பெரிது. இலையை உலர்த்திப் பொடித்து மாவில் சேர்க்கிறார்கள், பச்சை நிறப் பாண்டெசால் எல்லாச் சந்தையிலும் கிடைக்கும். 500 கிராம் மாவுக்கு 10 கிராம் பொடி போதும். 20 போட்டுப் பார்த்தேன், கசந்தது.

ஏப்ரல் 30

வெயில் தாங்கவில்லை. நேற்றும் இன்றும் நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் நேரடி வகுப்பு இல்லை. சமையலறையில் 35 டிகிரி. ஒரு மணி நேரம் உப்ப வேண்டிய மாவு அரை மணியில் பொங்கி, புளித்த வாடை அடித்தது. தடியாகச் சுருட்டினால் கையில் தொய்கிறது, வெட்டினால் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

மூன்று நாள் தோற்றபின் கண்டது: பனிக்கட்டி போட்ட தண்ணீரில் பிசையுங்கள். ஈஸ்ட் 2 கிராம் மட்டும். பிசைந்ததும் குளிர்பெட்டியில் இரவு முழுவதும் வையுங்கள். காலையில் மாவு கெட்டியாக இருக்கும், வெட்டு கத்தரித்தது போல விழும். ருசியும் கூடியிருந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. தெருமுனை மாங்கிடம் சொன்னேன். "எனக்கு இரவு முழுவதும் காத்திருக்க நேரம் ஏது" என்றார். நியாயம்தான்.

ஜூன் 9

எதை வைத்துச் சாப்பிடுவது என்று கேட்டவருக்கு:

லகுனா மாகாணத்தில் இருந்துகொண்டு நான் கேசோங் புத்தியைத் தவிர வேறு எதைச் சொல்ல? எருமைப்பால் பாலாடைக்கட்டி, வெள்ளை வெளேரென்று, வாழையிலையில் சுற்றி வரும். சாந்தா குருஸ் ஊரின் பெயர் சொல்லும் பண்டம் அது. சூடான பாண்டெசாலைக் கையால் பிளந்து, ஒரு துண்டு கேசோங் புத்தியை உள்ளே வைத்து மூடி, இருபது எண்ணுங்கள். உருகாது, வியர்க்கும். அந்த உப்புநீர் ரொட்டியில் இறங்கும்போது கடிக்க வேண்டும். ஊரில் இருப்பவர்கள் உப்புத் தூவிய பனீரை வைத்துப் பாருங்கள், கொஞ்சம் கிட்டே வரும்.

மத்தி டப்பா, கடலை வெண்ணெய், தேங்காய்ப்பால் ஜாம், எல்லாம் உண்டு. எதுவுமில்லாத வீட்டில் காபியில் முக்குகிறார்கள். பக்கத்து மாகாணமான பத்தங்காஸின் பராகோ காபி, கசப்பும் மணமும் பலமாக இருக்கும். ரொட்டியின் தூள் காபியின் அடியில் தங்கும். லோலா அதைக் கரண்டியால் வழித்துச் சாப்பிடுவார்.

ஜூலை 28

புதன்கிழமை மழையில் மணிலா முழுகியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கும் விடாத மழை. தெருமுனை பேக்கரிக்குள் தண்ணீர் புகுந்து மாவு மூட்டைகள் நனைந்துவிட்டன. நான்கு நாளாக அடைத்திருக்கிறது, போட்போட் சத்தமும் இல்லை. மாங்கும் அவர் மகனும் மேசைகளை வெளியே இழுத்துக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளியன்று மின்சாரம் வந்ததும் இரண்டு மடங்கு மாவு பிசைந்தேன். 48 துண்டு. முதல் தட்டு வெளியே வந்தபோது லோலா படியிறங்கி வந்து, வாசலில் நின்று, மூக்கை உறிஞ்சினார். பையில் பத்து போடச் சொன்னார். காசு எடுத்தார். வேண்டாம் என்றேன். முகத்தைச் சுளித்தார். சும்மா வாங்கிப் பழக்கமில்லை என்றார். சில்லறை என்னிடமும் இல்லை.

"அப்படியானால் எழுதி வை" என்றார்.

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த நாள்காட்டியில், அவர் பார்த்துக்கொண்டிருக்க, 26ஆம் தேதிக் கட்டத்தில் எழுதினேன்: லோலா, 10. மாலைக்குள் அதே கட்டத்தில் இன்னும் மூன்று வீடுகள் சேர்ந்துவிட்டன. மாங் வீட்டுக்கு எட்டு கொடுத்தேன், அதை எழுதவில்லை. ஒன்றைப் பிளந்து, உள்ளே பார்த்து, வெட்டுவாயைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "தடியை இன்னும் இறுக்கிச் சுருட்டு" என்றார்.